பெண்பிள்ளையின் பங்கு: குடும்பச் சொத்தைப் படிக்கும் களப்பணி

சட்டம் மாறினால் குடும்பம் மாறுமா என்பது குடும்பத்தையும் சமூகத்தையும் ஆராய்பவர்கள் விடாமல் கேட்டுவரும் கேள்வி. இந்தியாவில் இதைச் சோதித்துப் பார்க்க மிகப் பொருத்தமான களம் பெண்பிள்ளையின் சொத்துப் பங்கு. திருமணம், வரதட்சணை, அண்ணன் தங்கை உறவு, பெண்ணின் படிப்பு, கணவன் வீட்டில் அவளுக்குள்ள மதிப்பு, முதுமையில் அவளுக்குக் கிடைக்கும் ஆதரவு எல்லாம் இந்த ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. சட்டத்தின் வாசகம் எல்லோர் கைக்கும் கிடைக்கிறது. அது மாறிய தேதிகளும் தெரியும். அந்தச் சட்டம் ஒரு வீட்டுக்குள் வந்து என்ன செய்தது என்பதை அறியத்தான் களப்பணி தேவைப்படுகிறது. அதற்கு வீட்டார் சொல்வதையும், பத்திரத்தில் எழுதியிருப்பதையும், உறவுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை விட்டுவிட்டாலும் பெண்ணின் நிலை தவறாகவே பதிவாகும். தமிழகக் கிராமங்களில் இந்த வேலையில் பழகியவர்கள் அனுபவத்தில் கற்ற முதல் பாடம் இது.

சட்டம் கடந்துவந்த வழி

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. நாடு தழுவிய சட்டம் வர மேலும் 27 ஆண்டுகள் ஆயின. 1956 ஜூன் 17-இல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகனோடு மகளையும் முதல் வகுப்பு வாரிசாக்கியது. ஆனால் பூர்விகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே உண்டாகும் உரிமையை அது தொடவில்லை.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கு தெளிவாக்கும். தாய் முன்பே இறந்துவிட்ட ஒரு குடும்பத்தில் தந்தை, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். சொத்து முழுவதும் பூர்விகம். 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தந்தை இறக்கும்போது மகனுக்குப் பாதி ஏற்கெனவே சொந்தம். தந்தையின் பாதி மட்டும் இருவருக்கும் பிரியும். மகனுக்கு முக்கால் பங்கு, மகளுக்குக் கால் பங்கு. மகளுக்கும் பிறப்புரிமை உண்டென்றால் மூவருக்கும் தலா மூன்றில் ஒன்று. தந்தையின் மூன்றில் ஒன்று இரண்டாகப் பிரிந்து, முடிவில் இருவருக்கும் சரிபாதி. காலுக்கும் பாதிக்கும் இடையிலான இந்த வேறுபாட்டைப் போக்கத்தான் பின்னர் வந்த திருத்தங்கள் எழுந்தன.

கேரளம் 1976-இல் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே நீக்கியது. ஆந்திரம் 1986-இல் மகளைப் பிறப்பிலேயே பங்காளி ஆக்கியது. தமிழ்நாட்டின் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994-இல் இதே வழியில் சென்றன. தமிழ்நாட்டுச் சட்டத்தில் இரண்டு விலக்குகள் இருந்தன: அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகளுக்கு இந்த உரிமை இல்லை, அதற்கு முன்பே பாகம் பிரித்துவிட்ட குடும்பத்துக்கும் இது பொருந்தாது.

2005 செப்டம்பர் 9-இல் மத்தியத் திருத்தம் வந்து, திருமணமானவள், ஆகாதவள் என்ற வேறுபாட்டை நீக்கியது. ஆண் வாரிசுகள் தாமாகப் பிரிக்க முன்வரும்வரை பிறந்த வீட்டில் பாகம் கேட்க மகளுக்கு உரிமையில்லை என்றிருந்த 23-ஆம் பிரிவும் நீக்கப்பட்டது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் பல ஆண்டுகள் நீடித்தது. வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2015-இல் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் கூறியது; 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றி, மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை உயிரோடு இருந்தாரா என்பதைப் பொறுத்ததல்ல என்று முடிவுகட்டியது.

இந்த வரலாற்றோடு ஆய்வாளர் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஓட்டை ஒன்றும் உண்டு. சுயசம்பாத்தியச் சொத்தைத் தந்தை உயிரோடிருக்கும்போதே யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். பூர்விகச் சொத்தில் தன் பங்கை உயில் மூலம் மகனுக்கே கொடுக்கலாம். அதனால் சட்டம் தரும் உரிமை மகளின் கைக்கு வருமா என்பது தந்தையின் விருப்பத்தையும் சகோதரரின் நடத்தையையும் பெரிதும் சார்ந்திருக்கிறது.

தேதிகளைக் கொண்டு ஒப்பிடுதல்

மாநிலங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் சட்டத்தை மாற்றியது ஆய்வுக்கு வாய்ப்பாக அமைந்தது. மனிதக் குடும்பங்களை வைத்துச் சோதனை நடத்த முடியாது; ஆனால் ஒரு மாநிலத்தில் சட்டம் மாறி, பக்கத்து மாநிலத்தில் மாறாதிருந்த காலத்தில் இரு பக்கமும் நடந்தவற்றை ஒப்பிட முடியும். அதே மாநிலத்துக்குள்ளேயே சட்டத்துக்கு முன் திருமணமானவர்களையும் பின் திருமணமானவர்களையும் ஒப்பிடலாம். இந்த இரண்டு ஒப்பீடுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, பொதுவாகக் காலப்போக்கில் வரும் மாற்றம் எது, சட்டத்தால் வந்த மாற்றம் எது என்று ஓரளவு பிரித்தறியலாம்.

தமிழ்நாட்டில் இந்த ஒப்பீடு ஒரே வீட்டுக்குள் நிகழ்கிறது. 1987-இல் மணமுடித்த அக்காளுக்கு 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை; 1991-இல் மணமுடித்த தங்கைக்கு உண்டு. இருவரும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்து, ஒரே வயலில் களையெடுத்து வளர்ந்தவர்கள். இப்படிப்பட்ட வீடுகள் ஆய்வுக்கு மிகவும் பயன்படுகின்றன.

திருமணத் தேதியை உறுதிசெய்வது எளிதல்ல. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கிராமத்துத் திருமணங்களில் பெரும்பாலானவற்றுக்கு அரசுப் பதிவு இல்லை. கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டின் முதல் பக்கம், திருமணப் புகைப்படத்தின் பின்புறம் எழுதிய தேதி, கோயில் ரசீது, தலைப்பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவையே அங்கே ஆதாரங்கள். பெண்களிடம் ஆண்டைக் கேட்பதைவிட நிகழ்ச்சியைக் கேட்பது நல்லது. எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பருக்கு முன்பா பின்பா, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே மாதத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டால் தெளிவான பதில் வருகிறது. இப்படிக் கிடைத்த தேதியை இன்னோர் ஆதாரத்தோடு பொருத்திப் பார்த்தபின்பே அது பதிவேட்டில் ஏற வேண்டும்.

வம்சாவளியை வரைதல்

சொத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் குடும்பத்தை முழுமையாக எழுதிக்கொள்வது இத்தொழிலின் அடிப்படை. இந்த முறையை மானிடவியலில் நிலைநிறுத்தியவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நீலகிரியின் தோடர்களிடையே தங்கி அவர் செய்த ஆய்வு 1906-இல் நூலாக வெளிவந்தது. தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளை என்ற சில உறவுகளை மட்டும் பயன்படுத்தி, ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு எழுதிச் சென்றால் ஓர் ஊரின் உறவுப் பின்னல் முழுவதும் கிடைத்துவிடும் என்று அவர் காட்டினார். சித்தப்பா, மாமா போன்ற சொற்கள் பலரைக் குறிக்கக்கூடியவை என்பதால் அவற்றைக் கேள்வியில் தவிர்ப்பதே இந்த முறையின் நுட்பம்.

தமிழகத்தில் வம்சாவளி வரையும்போது பெண்கள் விடுபட்டுப்போவது வழக்கம். 'உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க' என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டால், ஆண்பிள்ளைகளை மட்டும் சொல்லி நிறுத்துபவர்கள் இன்றும் உண்டு. கட்டிக்கொடுத்த பெண்கள், குழந்தையிலேயே இறந்தவர்கள், மூத்த தாரத்தின் மகள், கணவனை இழந்து திரும்பி வந்து மறைந்த அத்தை என ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும். சட்டப்படி இவர்களில் பலர் பங்குக்கு உரியவர்கள். மரத்தில் ஒரு பெண் விடுபட்டால் அவளுக்குக் கிடைக்காத பங்கும் கணக்கில் வராமல் போகும். கணவரைவிட மனைவியும், மருமகளைவிட மாமியாரும் இந்த விவரங்களைத் துல்லியமாகச் சொல்வார்கள். வீட்டில் வயதான பாட்டி இருந்தால் நான்கு தலைமுறைப் பெண்களின் பெயரும், யார் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பதும் கிடைத்துவிடும்.

திராவிட உறவுமுறையில் மரம் நேராக வளர்வதில்லை. அக்காள் மகளையும், மாமன் மகளையும், அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் இருப்பதால் கிளைகள் மீண்டும் ஒன்றோடொன்று சேர்கின்றன. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் உறவுக்குள் மணந்தவர்கள். இந்திய மாநிலங்களில் மிக உயர்ந்த அளவுகளில் இது ஒன்று.

இதற்கும் சொத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பொருளியலாளர் பீனா அகர்வால் 1994-இல் வெளியிட்ட தெற்காசியப் பெண்களின் நிலவுரிமை பற்றிய நூலில், உறவுக்குள்ளும் ஊருக்குள்ளும் மணமுடிக்கும் வழக்கமுள்ள பகுதிகளில் மகளுக்கு நிலம் கொடுப்பதற்கான எதிர்ப்பு குறைவு என்று வாதிட்டார். நிலம் கைமாறினாலும் கண்ணெட்டும் தூரத்திலேயே இருக்கும் என்பது காரணம். வட இந்தியாவின் பல பகுதிகளில் பெண்ணை உறவில்லாத தொலைவூருக்கு அனுப்புகிறார்கள். அங்கே மகளுக்குக் கொடுத்த நிலம் அந்நியர் கைக்குப் போனதாகக் கருதப்படுகிறது. டிம் டைசனும் மிக் மூரும் 1983-இல் எழுதிய கட்டுரை, இதே உறவுமுறை வேறுபாட்டை வைத்துத் தென்னிந்தியப் பெண்களின் கூடுதல் சுதந்திரத்தையும் அங்கே பிறப்பு விகிதமும் குழந்தை இறப்பும் குறைவாக இருப்பதையும் விளக்கியது.

பத்திரங்களைப் படித்தல்

வம்சாவளி முடிந்ததும் ஆவணங்களுக்குச் செல்ல வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவை வருவாய்த் துறையின் பதிவுகள். பத்திரங்களும் வில்லங்கச் சான்றும் பதிவுத் துறையைச் சேர்ந்தவை. இந்த இரண்டும் ஒரே கதையைச் சொல்வதில்லை. தாத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். நிலத்தை மூன்று பேரன்கள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு உழுதுகொண்டிருப்பார்கள். கூட்டுப்பட்டாவில் அண்ணன் தம்பிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அக்காள் தங்கைகளின் பெயர் இராது. பட்டாவில் பெயர் இல்லாததால் மட்டும் பெண்ணின் உரிமை போய்விடாது என்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை.

மகளின் பங்கு எங்கே போகிறது என்பதை நான்கு வகைப் பத்திரங்கள் காட்டும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அவள் ஒரு பங்குதாரராகக் கையெழுத்திட்டிருந்தால் அவளுக்கு நிலமோ மனையோ வந்திருக்கிறது. தந்தை உயிரோடிருக்கும்போதே மகன்களுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதியிருந்தால், அவள் பங்கு கேட்பதற்கு முன்பே சொத்து கைமாறிவிட்டது. உயில் அதையே தந்தையின் இறப்புக்குப் பின் செய்கிறது. நான்காவது விடுதலைப் பத்திரம். அதில் அக்காள் தங்கைகள் தங்கள் பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுகிறார்கள். தமிழகத்தில் குடும்ப உறுப்பினர்களுக்கு இடையே எழுதப்படும் இத்தகைய பத்திரங்களுக்கு முத்திரைக் கட்டணச் சலுகையும் உண்டு.

பழைய சட்டத்தின்கீழ் பூர்விக நிலத்தை விற்கச் சகோதரர்கள் அக்காள் தங்கைகளைப் பெரும்பாலும் கேட்டதில்லை. இப்போது நிலம் வாங்குபவரும் கடன் கொடுக்கும் வங்கியும் வாரிசுச் சான்றைக் கேட்கிறார்கள். அதில் மகள்களின் பெயரும் இருப்பதால், அவர்கள் கையெழுத்து இல்லாமல் விற்பனை முடிவதில்லை. வெளியூரில் வாழும் தங்கைக்குப் போன் வருகிறது. காரோ பஸ் கட்டணமோ ஏற்பாடாகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அவள் விரல்ரேகை வைக்கிறாள். சட்டம் பெரும்பாலான பெண்களின் வாழ்க்கையில் முதன்முதலாக நுழையும் இடம் இதுதான். அந்த நாளைப் பற்றி நுணுக்கமாகக் கேட்பது ஆய்வின் மிக முக்கியமான பகுதி. பத்திரத்தைப் படித்துக் காட்டினார்களா, எவ்வளவு நிலம் என்று சொன்னார்களா, பெற்றுக்கொண்டதாக எழுதியிருக்கும் தொகை கைக்கு வந்ததா, வந்தது அவளிடம் இருந்ததா அல்லது கணவர் வாங்கிக்கொண்டாரா, கையெழுத்திட மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் விடை இல்லை. அவளிடம் மட்டுமே இருக்கிறது.

கேட்கும் முறை

சொத்தைப் பற்றிய பேச்சில் யார் உடன் இருக்கிறார்கள் என்பது பதிலை மாற்றிவிடும். அண்ணன் வீட்டுத் திண்ணையில் கேட்டால் 'அவரு எனக்கு ஒரு குறையும் வைக்கல' என்று வரும். அதே பெண் கணவன் வீட்டில், மாமியார் இருக்கும்போது, 'எங்க வீட்டுல எனக்கு நெறையச் செஞ்சாங்க' என்பாள். பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வராது. நூறு நாள் வேலைத்தளத்தில் மற்றப் பெண்களோடு இருக்கும்போதும், தனியே கிணற்றடியில் பேசும்போதும் வேறு பதில்கள் வருகின்றன. இவற்றில் ஒன்று உண்மை, மற்றவை பொய் என்று கொள்வது தவறு. ஒவ்வொரு பதிலும் அவள் எந்த உறவைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. எனவே பதிலோடு இடம், நேரம், உடனிருந்தவர்கள் ஆகியவற்றையும் பதிவுசெய்வது நல்ல களப்பணியாளரின் பழக்கம்.

கேள்வியின் வரிசையும் முக்கியம். 'உங்க பங்கை வாங்கினீங்களா' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஊருக்குள் பங்கு கேட்ட பெண்ணைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பொதுவாகத் தொடங்கி, அப்பா காலத்தில் என்ன பயிர் விளைந்தது, கல்யாணத்துக்கு எந்த நிலத்தை அடமானம் வைத்தார்கள் என்று நகர்ந்தால் சொத்தின் வரலாறு தானாக வரும். கணவர்களையும் சகோதரர்களையும் தனியே கேட்பதும் அவசியம். பங்கு கேட்கும்படி மனைவியைத் தூண்டும் கணவரும் இருக்கிறார். தங்கைக்குக் கொடுக்க விரும்பியும் தன் மனைவிக்கும் மகன்களுக்கும் அஞ்சுகிற அண்ணனும் இருக்கிறார்.

பல ஊர்களில், பல சாதிகளில், ஏறத்தாழ ஒரே சொற்களில் கேட்கக்கூடிய பதில் ஒன்று உண்டு: 'பங்கு கேட்டா பொறந்த வீட்டு வாசல் மூடிரும்ங்க.' இதை அறியாமை என்றோ அடிமைத்தனம் என்றோ எழுதிவிடும் ஆய்வு அந்தப் பெண் போட்ட கணக்கைப் படிக்கத் தவறுகிறது.

சீர் என்னும் கணக்கு

அந்தக் கணக்கின் ஒரு பக்கம் நிலம்; மறுபக்கம் சீர். மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடையே 1949–50-இல் தங்கி ஆய்வுசெய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், திருமணத்தோடு தொடங்கும் கொடை தலைமுறைகளைக் கடந்து ஓடுவதை விரிவாகப் பதிவுசெய்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்ததோடு பிறந்த வீட்டின் கடமை முடிவதில்லை. தலைத் தீபாவளி, ஆடி, பொங்கல், வளைகாப்பு, தலைப்பிரசவம், காதுகுத்து, பூப்பு நீராட்டு, அவள் பிள்ளைகளின் கல்யாணம் என்று ஒவ்வொரு நிகழ்விலும் தாய்மாமன் சீரோடு வந்து நிற்க வேண்டும். அவள் வீட்டில் இறப்பு நிகழ்ந்தாலும் கோடித்துணி பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

ஆண்டுதோறும் என்ன வந்தது என்று நிகழ்ச்சிவாரியாக எழுதினால், சீரின் மதிப்பு பல குடும்பங்களில் சிறியதல்ல என்று தெரிகிறது. ஆனாலும் அது நிலத்துக்கு ஈடாவதில்லை. நிலத்தின் விலை ஏறும். சீர் அவ்வப்போது செலவாகிவிடும். நகை கணவன் வீட்டின் அவசரங்களுக்கு அடகுக்குப் போகும். எழுதிவைத்த உரிமை அவள் பெயரில் இருக்கும். சீர் அண்ணன் மனதையும் அண்ணியின் மனதையும் பொறுத்தது.

இருந்தும் பெண்கள் ஏன் கையெழுத்திடுகிறார்கள் என்றால், அண்ணன் தம்பி அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத காப்பு. கணவன் அடித்தால் நியாயம் கேட்க வருபவர் அவர். கணவன் இறந்தால் வந்து தங்க இடம் அவர் வீடு. மகளுக்கு வரன் பார்ப்பவரும் அவரே. ஓய்வூதியமோ சொந்த வருமானமோ இல்லாத பெண்ணுக்கு அந்த உறவை இழப்பது ஒரு காணி நிலத்தை இழப்பதைவிடப் பெரிதாகத் தோன்றலாம். அவளுக்குச் சொந்தமாக வேறு ஆதாரம் உண்டாகும்போது இந்தக் கணக்கு மாறுகிறது. ஆசிரியையாகவோ செவிலியராகவோ வேலை பார்க்கும் பெண்கள் பங்கைக் கேட்கவும் செய்கிறார்கள். கேட்டபின் உறவு முறியாமல் பேசித் தீர்த்துக்கொள்ளும் திறமும் அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

சொத்து கைக்கு வந்தால் என்ன மாறும் என்பதற்கு வலுவான சான்று கேரளத்திலிருந்து வந்தது. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 500 மணமான பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் அடி உதை பட்டிருந்தார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் இது 18 விழுக்காடு, வீடு மட்டும் உள்ளவர்களில் 10, இரண்டும் உள்ளவர்களில் 7. போக வேறு இடம் இருக்கிறது என்பதே அவளைக் காக்கிறது.

ஆய்வுகள் கண்டவை

திருத்தச் சட்டங்களின் விளைவைப் பெரிய தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. கிளாஸ் டைனிங்கர், அபராஜிதா கோயல், ஹரி நாகராஜன் ஆகியோர் கர்நாடகத்தையும் மகாராஷ்டிரத்தையும் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை, சட்டத்துக்குப் பின் மகள்கள் நிலம் பெறும் வாய்ப்பு கூடியது, பெண்களின் திருமண வயதும் படிப்பும் உயர்ந்தன, ஆயினும் மகனுக்கு நிகரான நிலை வரவில்லை என்று கண்டது. சஞ்சாரி ராய் 2015-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது: மகள்களுக்கு நிலம் வருவது கூடவில்லை; தந்தையர் உயிரோடிருக்கும்போதே நிலத்தை மகன்களுக்கு எழுதிவைத்து, மகள்களுக்குப் படிப்பையோ கூடுதல் வரதட்சணையையோ ஈடாகக் கொடுத்தார்கள். படிப்பு கூடியது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. சட்டம் நோக்கிய இடத்துக்குப் போகாமல் பக்கத்து வழியில் மனித வளர்ச்சிக்கு உதவியிருக்கிறது.

வேதனை தரும் முடிவுகளும் உண்டு. ஷிவான் ஆண்டர்சனும் கரான்ஸ் ஜெனிகோவும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, பெண் சொத்துரிமை கூடிய மாநிலங்களில் ஆண், பெண் இரு சாராரின் தற்கொலை விகிதமும் உயர்ந்ததைக் கண்டு, குடும்பப் பூசல் அதற்குக் காரணமாகலாம் என்று கருதியது. சோனியா பலோத்ரா, ரேச்சல் புரூலே, சஞ்சாரி ராய் ஆகியோர், மகளுக்குப் பங்கு கொடுக்க வேண்டிய செலவு கூடியதால் ஆண்பிள்ளை விருப்பமும் பெண்சிசு இழப்பும் அதிகமாயின என்று காட்டினார்கள். இவை சட்டம் தவறு என்று சொல்லவில்லை. உரிமையைத் தாளில் கொடுத்துவிட்டு அதை அடைவதற்கான துணையைக் கொடுக்காவிட்டால், எதிர்ப்பின் சுமை பெண்ணின் மீதே விழும் என்று சொல்கின்றன.

துணை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஆந்திரத்தில் ரேச்சல் புரூலே செய்த விரிவான ஆய்வு 2020-இல் நூலாக வந்தது. இட ஒதுக்கீட்டால் பெண்கள் ஊராட்சித் தலைவர்களான கிராமங்களில் மகள்கள் தங்கள் பங்கைப் பெறும் வாய்ப்பு கூடியது. திருமணத்துக்கு முன்பே வரதட்சணையை விட்டுக்கொடுத்து நிலத்தைக் கேட்டுப் பேசக்கூடிய வயதிலிருந்த பெண்களுக்கு அது நன்மையாகவும் முடிந்தது. ஏற்கெனவே வரதட்சணை கொடுத்துக் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் கேட்டபோது குடும்பங்கள் கடுமையாக எதிர்த்தன. எந்த நேரத்தில், யார் முன்னிலையில் உரிமை பேசப்படுகிறது என்பது சட்டத்தின் வாசகத்துக்கு நிகரான முக்கியத்துவம் பெறுகிறது.

ஆய்வாளரின் கடமைகள்

குடும்பச் சொத்தைப் பற்றிக் கேட்பது அந்தக் குடும்பத்தில் ஒரு செயலாகவே அமைந்துவிடுகிறது. அதுவரை தன் உரிமையை அறியாத பெண் கேள்வியிலிருந்தே அதை அறிந்துகொள்கிறாள். கேள்வி கேட்டவர் ஊரைவிட்டுப் போன பிறகு வீட்டில் சண்டை மூண்டால் அதைத் தாங்குபவள் அவள். ஆகவே சில ஒழுக்கங்கள் தவிர்க்க முடியாதவை. ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில், உடன்பிறந்தவரிடம்கூட, சொல்லக் கூடாது. பெயரும் சர்வே எண்ணும் ஒரே தாளில் இருக்கக் கூடாது. வன்முறையைப் பற்றிய கேள்விகளைத் தனிமை உறுதியானால் மட்டுமே கேட்க வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வும் ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம், தனிமை கிடைத்தால் மட்டுமே இந்தப் பகுதியைக் கேட்கிறது. யாராவது இடையில் வந்தால் பேச்சை வேறு பொருளுக்கு மாற்றத் தயாராக இருக்க வேண்டும்.

ஆய்வாளர் வழக்கறிஞர் ஆகிவிடக் கூடாது. ஆனால் கேட்ட பெண்ணுக்கு வெறுங்கையோடு பதில் சொல்வதும் அறமாகாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வட்ட, மாவட்டச் சட்டப்பணிகள் குழுக்களை எப்படி அணுகுவது என்ற விவரம் ஒவ்வொரு களப்பணியாளரிடமும் இருக்க வேண்டும். அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பதை அவளே முடிவுசெய்வாள்.

அளவீட்டில் செய்ய வேண்டியவை

இந்தியாவில் எத்தனை பெண்களுக்கு நிலம் இருக்கிறது என்ற எளிய கேள்விக்கே மூலத்துக்கு மூலம் விடை மாறுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் 43 விழுக்காட்டுப் பெண்கள் தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ வீடு அல்லது நிலம் இருப்பதாகச் சொன்னார்கள். 2015–16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடிப் பிடிமானங்களில் ஏறத்தாழ 14 விழுக்காடே பெண்கள் வசம். முன்னது பெண் தானே சொன்னது, வீட்டையும் சேர்த்தது. பின்னது நிலத்தை நடத்துபவரைக் குறிப்பது, உரிமையாளரை அல்ல. பீனா அகர்வாலும் உடன் ஆய்வாளர்களும் ஒன்பது மாநிலக் கிராமங்களின் தரவைக் கொண்டு 2021-இல் வெளியிட்ட ஆய்வு, நிலமுள்ள குடும்பங்களில் உரிமையாளர்களில் 14 விழுக்காட்டினரே பெண்கள், அவர்களிடம் இருப்பது 11 விழுக்காடு நிலம் என்று கணக்கிட்டது. அந்தப் பெண்களிலும் பெரும்பாலோர் கணவன் வழியில், விதவையாகப் பெற்றவர்கள். மகளாகப் பெற்றவர்கள் குறைவு.

இந்தக் குழப்பம் தீர, நிலம் யார் பெயரில் இருக்கிறது, யார் வழியாக வந்தது, விற்கவோ அடமானம் வைக்கவோ யாருக்கு அதிகாரம், விளைச்சல் பணம் யார் கைக்குப் போகிறது ஆகியவற்றை வினாத்தாளில் தனித்தனியே கேட்க வேண்டும். பதிவுத் துறையும் வருவாய்த் துறையும் கணினிமயமாகிவிட்ட இன்று, விடுதலைப் பத்திரத்தில் விட்டுக்கொடுப்பவர் யார், பெறுபவர் யார், இருவருக்கும் என்ன உறவு என்பதைத் தனிநபர் விவரம் இல்லாமல் ஆண்டுவாரியாகத் தொகுத்து வெளியிட முடியும். எந்த மாவட்டத்தில் எத்தனை அக்காள் தங்கைகள் தங்கள் பங்கைத் துறக்கிறார்கள் என்பதை அது காட்டும்.

ஒரே ஊருக்கு மீண்டும் செல்வதும் இன்றியமையாதது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு தொடங்கிய கிராம ஆய்வுகள் 1918-இல் நூலாயின. அதே ஊர்கள் 1930-களிலும் பின்னரும் மீண்டும் ஆராயப்பட்டதால்தான் இருவேல்பட்டு, வடமலைபுரம் போன்ற ஊர்களில் நிலம் கைமாறிய நீண்ட வரலாறு நமக்குத் தெரிகிறது. 1989-ஐ அடுத்த சில ஆண்டுகளில் மணமுடித்த பெண்கள் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். அவர்களுடைய தந்தையர் இறந்துவருகிறார்கள், பாகப் பேச்சு இந்த ஆண்டுகளில்தான் நடக்கிறது. இவர்களுடைய மகள்கள் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வளர்ந்தவர்கள். தாய் பங்கை விட்டுக்கொடுத்த வீட்டிலும், கேட்டு வாங்கிய வீட்டிலும் மகளின் படிப்பு, திருமணம், வேலை, சேமிப்பு எப்படி அமைகின்றன என்று இந்த இரு தலைமுறைகளையும் ஒருசேரத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஆய்வுதான், 1989-இல் எழுதப்பட்ட சமத்துவம் குடும்பத்துக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்ல முடியும்.